தண்ணீரைச் சேமிக்க முதலில் மீட்டரைப் பாருங்கள்: சாதாரண மக்களுக்கான முழுமையான வழிகாட்டி

தண்ணீர் சேமிப்பு என்றதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. நிமிடத்துக்கு 8 லிட்டர் வரும் குழாயை இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் 16 லிட்டர் சும்மா போகிறது. ஆனால் அதே வீட்டில் கழிவறை ஃப்ளஷ் தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் அடைப்பான் தேய்ந்துபோய், சத்தமே இல்லாமல் இரவும் பகலும் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தால், மோசமான நிலையில் ஒரே நாளில் 700 லிட்டருக்கு மேல் போய்விடும். வீட்டில் நாலு பேரும் காலையும் இரவும் குழாயை மூடி மூடிப் பல் துலக்கி மிச்சம் பிடித்ததைப் போல ஐந்து மடங்கு அது.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசை கொஞ்சம் வேறு. கண்ணுக்குத் தெரியாமல் போகும் தண்ணீரை முதலில் பிடிப்போம். அப்புறம் கருவிகள், அதற்குப் பிறகுதான் பழக்கங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு வாரம் குளியலைக் குறைத்துப் பார்ப்பது, பிள்ளைகளைத் திட்டுவது, பிறகு சலித்துப்போய் விட்டுவிடுவது என்றுதான் அது முடிகிறது.

முதலில், நான் ஏன் சேமிக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. உலகம் முழுக்க ஆறு, ஏரி, நிலத்தடி என்று எடுக்கப்படும் நன்னீரில் சுமார் 70 விழுக்காடு விவசாயத்துக்குப் போகிறது. மீதியில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கு. வீடுகளும் ஊர்களும் எடுத்துக்கொள்வது பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். அப்படியிருக்க, நான் ஒரு வாளி மிச்சம் பிடித்து என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் வாய்க்காலில் ஓடும் தண்ணீரும் உங்கள் குழாயில் வரும் தண்ணீரும் ஒன்றல்ல. குழாய்த் தண்ணீர் ஏதோ ஓர் அணையில் இருந்தோ ஆழ்துளைக் கிணற்றில் இருந்தோ எடுக்கப்பட்டு, வடிகட்டப்பட்டு, குளோரின் கலக்கப்பட்டு, மின்சாரம் செலவழித்து மேலே ஏற்றப்பட்டு வருகிறது. நீங்கள் பயன்படுத்திய பிறகு அதே தண்ணீர் கழிவுநீராக மாறி, மறுபடியும் குழாய், பம்ப், சுத்திகரிப்பு என்று இன்னொரு சுற்றுச் செலவு வைக்கிறது. சுத்திகரிக்கப்படாமல் போனால் ஏதோ ஓர் ஆற்றையோ ஏரியையோ கெடுக்கிறது. அதாவது வீட்டில் மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டருக்கும் இரண்டு பக்கத்திலும் லாபம்.

இரண்டாவது, ஓர் ஊருக்கு வரும் தண்ணீர் உலகக் கணக்கில் இருந்து வருவதில்லை, அந்த ஊரின் அணையில் இருந்தும் அந்த ஊரின் நிலத்தடியில் இருந்தும்தான் வருகிறது. பூமியில் இருக்கும் தண்ணீரில் நன்னீர் வெறும் 2.5 விழுக்காடு, அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனியாக உறைந்து கிடக்கிறது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அந்த எண்களைவிட எனக்கு உறைத்தது தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் கதை. அடுத்தடுத்து மழை பொய்த்ததில் அணைகள் வற்றி, 2018 பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று அந்த நகரம் அறிவித்தது. குழாய்களை மொத்தமாக மூடிவிட்டு, மக்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்கு 25 லிட்டர் கொடுக்கும் நாளுக்கும் திட்டம் தயாராக இருந்தது. அந்த நாள் வரவில்லை. விவசாயத்துக்குப் போன தண்ணீரைக் கட்டுப்படுத்தியது, குழாய் அழுத்தத்தைக் குறைத்தது என்று பல காரணங்கள் உண்டு, ஆனால் வீடுகளில் மக்கள் குறைத்ததும் அதில் பெரிய பங்கு. அதற்குள் மழையும் வந்து சேர்ந்தது.

நிலத்தடி நீரை நம்பி இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. மழை உள்ளே இறக்குவதைவிட வேகமாக நாம் மேலே இழுத்தால் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். கடலோரமாக இருந்தால் காலியான இடத்துக்கு உப்பு நீர் புகும், அப்படி ஒருமுறை புகுந்துவிட்டால் எளிதில் வெளியேறாது. சில இடங்களில் நிலமே இறங்கிவிடுகிறது. இந்தோனேசியாவின் ஜகார்த்தா அப்படித்தான் மூழ்கிக்கொண்டிருக்கிறது. மெக்சிகோ நகரத்தின் சில பகுதிகள் கடந்த நூற்றாண்டு தொடங்கி இதுவரை 9 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கின்றன.

சரி, ஏன் என்பது இவ்வளவு போதும். வேலைக்கு வருவோம்.

படி 1: எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தண்ணீர் மீட்டர் இருந்தால் வேலை சுலபம். ஒரு நாள் காலை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், சரியாக ஏழு நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடி குறியுங்கள். மீட்டர் பெரும்பாலும் கன மீட்டரில் காட்டும், ஒரு கன மீட்டர் என்றால் 1000 லிட்டர். வித்தியாசத்தை லிட்டராக்கி ஏழால் வகுத்து, வீட்டில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையால் மறுபடி வகுத்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வந்துவிடும். இந்த ஓர் எண்தான் இனிமேல் உங்களுக்கு முக்கியம்.

மீட்டர் இல்லையா? மேல்நிலைத் தொட்டியையே மீட்டராக்கிக்கொள்ளலாம். உள்ளே ஓர் அளவுகோலோ கோடு போட்ட குச்சியோ வையுங்கள். தொட்டி சதுரமோ செவ்வகமோ என்றால் நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் அளந்து பெருக்கி, பத்தால் பெருக்குங்கள். ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் எத்தனை லிட்டர் என்பது அதுதான். உதாரணத்துக்கு 1.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் உள்ள தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் 15 லிட்டர். வட்டத் தொட்டி என்றால் ஆரத்தை ஆரத்தால் பெருக்கி 3.14 ஆல் பெருக்க வேண்டும், மற்றதெல்லாம் அதேதான். ஒரு மீட்டர் விட்டம் உள்ள தொட்டியில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 8 லிட்டர் வரும். மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து அளவெடுங்கள், இல்லாவிட்டால் கணக்குக் குழம்பிவிடும்.

வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, சுத்தம் செய்ய என்று அடிப்படைத் தேவைகளுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தை மேற்கோள் காட்டி ஐ.நா. சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் கடும் வறட்சி நீடித்த 2007இல் பிரிஸ்பேன் பகுதி மக்களுக்கு ஆளுக்கு 140 லிட்டர் என்று இலக்கு வைத்தார்கள், மக்கள் அதற்கும் கீழே இறங்கிக் காட்டினார்கள். உங்கள் எண் 150ஐத் தாண்டினால் எங்கோ நல்ல இடைவெளி இருக்கிறது. 250, 300 என்று வந்தால் பழக்கத்தைச் சந்தேகப்படும் முன் கசிவைச் சந்தேகப்படுங்கள்.

படி 2: கசிவு வேட்டை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி அங்கே ஒரு சராசரி வீட்டில் கசிவால் மட்டும் ஆண்டுக்கு சுமார் 38,000 லிட்டர் வீணாகிறது. வாரா வாரம் யாரோ வந்து வீட்டுத் தொட்டியில் இருந்து 700 லிட்டரைத் திறந்து விட்டுவிட்டுப் போவது போல. ஆனால் யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் அது சொட்டு சொட்டாகப் போகிறது.

முதலில் பொதுவான சோதனை. இரவு எல்லோரும் படுக்கும் முன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடக் கூடாது. மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் கசிவு இருக்கிறது. பல மீட்டர்களில் சின்னதாக ஒரு முக்கோணமோ நட்சத்திரமோ சுற்றிக்கொண்டிருக்கும், மிகச் சிறிய ஓட்டத்தையும் அது காட்டிக்கொடுக்கும். எல்லாம் மூடியிருந்தும் அது சுற்றினால் வேறு சாட்சியே வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல். தண்ணீர் முதலில் தரைக்கீழ்த் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து மோட்டாரில் மேலே போகும் வீடுகளில் மீட்டர் தொட்டிக்குள் வருவதை மட்டும்தான் அளக்கும், வீட்டுக்குள் ஒழுகுவதைக் காட்டாது. அப்படிப்பட்ட வீடுகளில் மேல் தொட்டியில் இரவு நீர்மட்டத்தைக் குறித்து, காலையில் முதல் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி பாருங்கள். கீழ்த் தொட்டிக்கும் இதேபோல, உள்ளே வரும் வால்வை மூடிவிட்டு, மோட்டாரையும் போடாமல் ஒரு சோதனை. கீழ்த் தொட்டியில் விழும் விரிசல் வருடக்கணக்கில் தெரியாமலே இருக்கும், மண் உறிஞ்சிக்கொண்டே போகும்.

கசிவு இருப்பது உறுதியானால் இடத்தைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வாருங்கள். முதலில் கழிவறை ஃப்ளஷ் தொட்டிக்குப் போகும் வால்வை மூடிப் பாருங்கள், பல நேரம் குற்றவாளி அங்கேதான் இருப்பார். அதை மூடியும் இறக்கம் நிற்கவில்லை என்றால் சமையலறை, குளியலறை, தோட்டக் குழாய் என்று அடுத்தடுத்து. எல்லாவற்றையும் மூடியும் மீட்டர் ஓடினால் கசிவு மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவே மண்ணுக்குள்ளோ, சுவருக்குள் ஓடும் குழாயிலோ இருக்கிறது, அதற்கு பிளம்பரைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

ஃப்ளஷ் தொட்டியைத் தனியாகச் சோதிக்க இன்னும் சுலபமான வழி இருக்கிறது. தொட்டி மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் தண்ணீரில் உணவுக்குப் போடும் நிறமியைச் சில சொட்டு விடுங்கள். 15 நிமிடம் ஃப்ளஷ் பண்ணாமல் காத்திருங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பான் சரியாக உட்காரவில்லை. அதை மாற்றுவது மலிவான, சின்ன வேலை, கருவிகூடத் தேவைப்படாது. கூடவே உள்ளே நிற்கும் வழிகுழாயையும் பாருங்கள். தண்ணீர் அதன் விளிம்பைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தால் மிதவை உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். நீர்மட்டம் விளிம்புக்கு ஒரு 2.5 சென்டிமீட்டர் கீழே நிற்கும்படி மிதவையைத் தாழ்த்துங்கள்.

சொட்டும் குழாய்க்கு வருவோம். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 86,400 சொட்டு, அது 20 லிட்டருக்கு மேல். பழைய வகைத் திருகு குழாய் என்றால் உள்ளே இருக்கும் வாஷரை மாற்றினால் போதும், நெம்புகோல் வகை என்றால் உள்ளே உள்ள கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். இறுக்கி இறுக்கி மூடுவது தீர்வல்ல, அது வாஷரை இன்னும் சீக்கிரம் தேய்க்கும், அவ்வளவுதான்.

கடைசியாக, மேல் தொட்டி வழிவது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவது உலகப் பொது வியாதி. சிறிய வீட்டு மோட்டாரே நிமிடத்துக்கு 30 லிட்டர் ஏற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், பத்து நிமிட மறதிக்கு 300 லிட்டர் மொட்டை மாடியில் ஓடும். தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் சென்சார் சுவிட்ச் வாங்கி மாட்டிவிடுங்கள். இதில் ஞாபகசக்தியை நம்புவது வீண்.

படி 3: கழிவறை

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து முறை என்று வைத்துக்கொண்டால், நாலு பேர் உள்ள வீட்டில் 20 ஃப்ளஷ். பழைய தொட்டிகள் ஒவ்வொரு முறையும் 12 லிட்டரோ அதற்கு மேலோ கொட்டும், ஆக 240 லிட்டர். புதிய தொட்டிகள் 6 லிட்டரில் முடித்துவிடும், இரட்டைப் பொத்தான் இருந்தால் சின்னப் பொத்தானுக்கு 3 லிட்டரே போதும். வீட்டுக்குள் தண்ணீர் அதிகம் போகும் இடங்களில் கழிவறை முன்னணியில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

புதிய தொட்டி மாற்ற இப்போது முடியாது என்றால், ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் மணலும் தண்ணீரும் நிரப்பி மூடி, பழைய தொட்டிக்குள் அசையும் பாகங்களில் படாமல் ஓர் ஓரமாக நிறுத்துங்கள். ஒவ்வொரு ஃப்ளஷிலும் ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் போடச் சொல்வார்கள், போடாதீர்கள், அது தண்ணீரில் கரைந்து துகள் துகளாக உதிர்ந்து அடைப்பானைக் கெடுத்துவிடும். ஏற்கெனவே 6 லிட்டர் தொட்டி என்றால் பாட்டில் வேண்டாம். ஒரு தடவை சரியாகப் போகாமல் இரண்டாவது தடவை அழுத்தினால் லாபம் எங்கே?

படி 4: குளியல்

ஷவருக்குக் கீழே வாளி வைத்து 15 நொடி பிடியுங்கள், வந்த அளவை நாலால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 12 லிட்டர் என்று வந்தால், எட்டு நிமிடக் குளியலுக்கு 96 லிட்டர். நிமிடத்துக்கு 8 லிட்டருக்குக் கீழே வரும் ஷவர் தலைகள் கிடைக்கின்றன. அதை மாட்டி ஐந்து நிமிடத்தில் முடித்தால் 40 லிட்டர்தான். சோப்புப் போடும் நேரம் மூடி வைத்தால் இன்னும் குறையும். பிரிஸ்பேனில் நாலு நிமிடம் ஓடும் கடிகாரங்களை வீடு வீடாகக் கொடுத்தார்கள். உங்களுக்குக் கைப்பேசி அலாரம் போதும், அல்லது ஒரு பாட்டு முடியும் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாளிக் குளியல் சிக்கனமானது என்பது உண்மைதான், ஆனால் ஒரு வாளியோடு நின்றால்தான். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டே மொண்டு ஊற்றினால் அது ஷவரைவிட மோசமாகக்கூட முடியலாம். நிரப்பு, மூடு, குளி என்ற வரிசை மாறக் கூடாது.

வெந்நீர் பயன்படுத்துபவர்களுக்கு இதில் மின்சாரமும் சேர்ந்து மிச்சமாகும். 50 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடாக்க ஒரு யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். ஹீட்டரில் இருந்து சூடு வந்து சேரும் வரை வரும் குளிர்ந்த தண்ணீரைக் கீழே விடாமல் ஒரு வாளியில் பிடியுங்கள், அது நல்ல சுத்தமான தண்ணீர், எதற்கு வேண்டுமானாலும் ஆகும்.

படி 5: சமையலறையும் கைகழுவும் குழாயும்

குழாய் நுனியில் திருகி மாட்டும் ஏரேட்டர் என்ற சின்னச் சல்லடையைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும், கைக்கு அதே வேகம் தெரியும், ஆனால் தண்ணீர் குறைவாக வரும். சாதாரணமாக நிமிடத்துக்கு 8 லிட்டருக்கு மேல் கொட்டும் குழாய் 5 அல்லது 6 லிட்டருக்கு இறங்கிவிடும். வெறும் கைகழுவும் குழாய்க்கு அதைவிடக் குறைவானதையே மாட்டலாம். உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால் கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து மாட்டுங்கள். வாளி நிரப்பும் குழாயில் மட்டும் இதை மாட்டாதீர்கள், வாளிக்குத் தேவையான அளவு மாறப் போவதில்லை, உங்கள் நேரம்தான் போகும்.

பாத்திரம் கழுவுவதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மலையளவு. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் பல நாட்டவர்களிடம் 12 பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கொடுத்துக் கழுவச் சொல்லிப் பார்த்தார்கள். சராசரியாக 100 லிட்டரை ஒட்டிச் செலவானது, சிலர் அதில் ஒரு சிறு பகுதியிலேயே முடித்தார்கள், சிலர் பல மடங்கு கொட்டினார்கள். வேலை ஒன்றுதான், முறைதான் வேறு. மிச்சம் மீதியை முதலில் சுரண்டி எடுங்கள், ஒட்டியதை ஊற வையுங்கள், எல்லாவற்றுக்கும் சோப்புத் தேய்த்து வைத்துவிட்டுக் கடைசியில் ஒரே தடவையாக அலசுங்கள். இரண்டு தொட்டி இருந்தால் ஒன்றில் தேய்ப்பு, ஒன்றில் அலசல். பாத்திரம் கழுவும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் குற்ற உணர்ச்சி கொள்ளவே தேவையில்லை, நவீன இயந்திரம் முழுக்க நிரப்பி ஓட்டினால் ஒரு சுற்றுக்குப் பத்துப் பதினைந்து லிட்டரில் முடித்துவிடுகிறது. அதில் போடும் முன் ஓடும் குழாயில் ஒரு தடவை கழுவுகிறோமே, அந்தப் பழக்கம்தான் வீண்.

படி 6: துணி துவைப்பது

இதில் சொல்ல அதிகம் இல்லை. இயந்திரம் நிறையும் அளவு சேர்ந்த பிறகு போடுங்கள். முன்பக்கம் திறக்கும் இயந்திரம் பழைய மேல்பக்கம் திறக்கும் இயந்திரத்தைவிட வெகுவாகக் குறைந்த தண்ணீரில் துவைக்கும், அடுத்த முறை வாங்கும்போது கவனியுங்கள். சோப்புத் தூளைக் கைக்கு வந்தபடி கொட்டினால் நுரை போகாமல் கூடுதலாக ஒரு அலசல் வைக்க நேரும், ஆகவே அளந்து போடுங்கள்.

படி 7: ஒரே தண்ணீர், இரண்டு வேலை

கடைசி அலசல் தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர், ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீர் எல்லாம் இரண்டாவது வேலைக்குத் தகுதியானவை. ஏசித் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பே இருக்காது, செடிக்கும் தரை துடைக்கவும் நல்லது. குடிக்க மட்டும் கூடாது, உள்ளே இருக்கும் உலோகப் பாகங்களிலும் தூசியிலும் பட்டு வருகிறது.

தண்ணீரில் கரைந்த உப்பை நீக்கும் ஆர்ஓ இயந்திரம் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வைக்கும் சாதாரண ஆர்ஓ ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்க மூன்று லிட்டர் வரை கழிவாக வெளியே தள்ளும். உங்கள் குழாய்த் தண்ணீரில் கரைந்துள்ள உப்பு குறைவு என்றால் அந்த இயந்திரமே பெரும்பாலும் தேவையில்லை, கிருமிதான் பயம் என்றால் புற ஊதா வடிகட்டியோ கொதிக்க வைப்பதோ போதும். கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குடிக்க நன்றாகவே இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஃபுளோரைடு, ஆர்செனிக் போன்ற பிரச்சினை உள்ள இடமானால் கதை வேறு, தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு முடிவெடுங்கள். ஆர்ஓ கட்டாயம் வேண்டும் என்றால் கழிவுத் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறையில் ஊற்றவும் வையுங்கள். செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்புச் சேரும்.

குளித்த தண்ணீரையும் துவைத்த தண்ணீரையும் மரத்துக்கும் அலங்காரச் செடிக்கும் விடலாம், ஆனால் 24 மணி நேரத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள், நாறத் தொடங்கிவிடும். பச்சையாகச் சாப்பிடும் கீரை மேல் ஊற்றக் கூடாது. குழந்தைத் துணி அலசிய தண்ணீர், எண்ணெய்ப் பிசுக்கு உள்ள சமையலறைத் தண்ணீர் இரண்டும் சாக்கடைக்கே போகட்டும்.

படி 8: தோட்டமும் வாகனமும்

செடிக்குத் தண்ணீர் வேண்டுமா என்று விரலைக் கேளுங்கள். இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் இன்று தண்ணீர் ஊற்ற வேண்டாம். வெயில் ஏறும் முன் காலையிலேயே ஊற்றுங்கள். வேர்ப் பகுதியில் காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் நார் என்று கிடைத்ததை 5 சென்டிமீட்டருக்கு மூடாக்காகப் போட்டால் ஆவியாவது நன்றாகக் குறையும், இதற்கு இணையான சிக்கனம் தோட்டத்தில் வேறு இல்லை என்பேன். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றினால் வேர் கீழே இறங்கும். வாகனம் கழுவ ஹோஸ் வேண்டாம், நிமிடத்துக்கு 15 லிட்டர் வரும் ஹோஸ் பத்து நிமிடத்தில் 150 லிட்டரை முடித்துவிடும். வாளியும் துணியும் இருந்தால் இரண்டு வாளியில் வேலை முடியும்.

படி 9: மழை

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இந்தக் கணக்கு அவ்வளவு அழகாக அமைந்திருக்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2000 லிட்டர், சிதறல் போக 1600 லிட்டராவது கைக்கு வரும். ஒரே மழையில்.

கூரையைச் சுத்தமாக வையுங்கள், முதல் சில நிமிட மழையை வெளியே விட்டுவிடுங்கள், பறவை எச்சமும் தூசியும் அதில்தான் வரும். அப்புறம் சல்லடை வழியாக மூடிய தொட்டிக்குள் விடுங்கள். கொசு புகாமல் மூடுவது முக்கியம், முட்டையில் இருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். சேமிக்க இடம் இல்லை என்றால் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய உறிஞ்சுகுழியிலோ, கிணறு இருந்தால் வடிகட்டி வைத்துக் கிணற்றிலோ இறக்குங்கள். கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குழி வேண்டாம், சாக்கடைத் தண்ணீரை எக்காரணம் கொண்டும் அதில் விடக் கூடாது. சேமித்த மழைநீரைக் குடிக்கப் போகிறீர்கள் என்றால் வடிகட்டிக் கொதிக்க வையுங்கள்.

படி 10: கண்ணில் படாத மறைநீர்

ஒரு பொருள் உருவாக எங்கோ செலவான தண்ணீரைத்தான் மறைநீர் என்கிறோம். இந்தக் கருத்தை முன்வைத்த பிரிட்டன் பேராசிரியர் டோனி ஆலனுக்கு 2008இல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு கிடைத்தது. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2500 லிட்டர் ஆகிறது. பருத்திப் பாசனத்துக்காக மத்திய ஆசியாவின் ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளை 1960களில் இருந்து திருப்பிவிட்டதில்தான், உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஆரல் கடல் பெரும்பகுதி வறண்டு போனது. வீட்டில் ஒரு நாள் முழுக்கச் சிக்கனமாக இருந்து மிச்சம் பிடித்ததை, தேவையில்லாத ஒரு சட்டை ஒரே நொடியில் விழுங்கிவிடும்.

ஆனால் இந்த எண்களை அப்படியே நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மழை நன்றாகப் பெய்யும் இடத்தில் மானாவாரியாக விளைந்த பொருளும், வறண்ட இடத்தில் ஆழ்துளைக் கிணற்றில் இறைத்து விளைவித்த பொருளும் எண்ணளவில் ஒன்றாக இருந்தாலும் பாதிப்பில் ஒன்றல்ல. எங்கும் பொருந்துவது ஒன்று உண்டு: உணவை வீணாக்காதீர்கள். உலகில் உற்பத்தியாகும் உணவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2011இல் கணக்கிட்டது, அதோடு சேர்ந்து அதற்குப் பாய்ச்சிய தண்ணீரும் குப்பைக்குத்தான் போகிறது.

படி 11: வாசலுக்கு வெளியே

அடுக்குமாடிக் குடியிருப்பில் மொத்தக் கட்டணத்தை எல்லோரும் சமமாகப் பிரித்துக் கட்டினால் யாருக்கும் சேமிக்கத் தோன்றாது. நான் மிச்சம் பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தானே லாபம் என்றுதான் மனம் போகும். வீட்டுக்கு வீடு துணை மீட்டர் வைக்கச் சொல்லிக் கூட்டத்தில் பேசுங்கள். செலவு இருக்கிறது, எதிர்ப்பும் வரும். உடனே நடக்காது என்றால், குறைந்தபட்சம் மாதம் மொத்தம் எவ்வளவு செலவானது, ஆளுக்கு எவ்வளவு என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள்.

தெருவில் குழாய் உடைந்து ஓடினால் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று கடந்து போகாதீர்கள். உலக அளவில் நகரங்களுக்கு அனுப்பப்படும் தண்ணீரில் சுமார் 30 விழுக்காடு கசிவு, திருட்டு, அளவுப் பிழை என்று கணக்கில் வராமல் போகிறது. இடம், நேரம், ஒரு படம் ஆகியவற்றோடு புகார் கொடுத்து, எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இருந்தால்தான் அடுத்த வாரம் மறுபடி கேட்க முடியும்.

எதில் சிக்கனம் கூடாது

குடிக்கும் தண்ணீரில் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவுவதில் கூடாது, 20 நொடி தேய்க்கும்போது குழாயை மூடி வையுங்கள், அலசும்போது தாராளமாக அலசுங்கள். கழிவறைச் சுத்தம், குழந்தைகள், நோயாளிகள், மாதவிடாய்ச் சுத்தம் எதிலும் கூடாது. இவற்றுக்கெல்லாம் தட்டுப்பாடு வராமல் இருக்கத்தான் ஒழுகும் அடைப்பானை முதலில் மாற்றச் சொன்னேன்.

மறுபடி அளப்பது

ஒரு மாதம் கழித்துப் படி 1ஐத் திரும்பச் செய்யுங்கள். எண் இறங்கியிருந்தால் எது இறக்கியது என்று பாருங்கள், பெரும்பாலும் கசிவும் கழிவறையும்தான் பெரும்பங்காக இருக்கும். இறங்கவே இல்லை என்றால் அந்த இரவுச் சோதனையை ஒரு தடவை மறுபடி செய்யுங்கள், இரண்டாவது கசிவு ஒன்று ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். விருந்தாளி யாரும் வராமல், துணி எதுவும் கூடுதலாகத் துவைக்காமல் எண் திடீரென்று ஏறினால் வீட்டில் யாரையும் விசாரிக்க வேண்டாம், நேராகப் போய் ஃப்ளஷ் தொட்டியில் நிறமியை விடுங்கள்.